மாமன் வீட்டுக் கரண்டு வண்டி

வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. ஆரப்பாளையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருபத்திரண்டு வருடமாக நாய்க்கடி வாங்கி, மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ஒட்டடையைத் துடைத்து, ஊரார் வீட்டு யூனிட்டையெல்லாம் எழுதிய கை இது. எவ்வளவு கரண்ட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எடுத்தார்கள். நான் ஒரு பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கிய நாளிலிருந்து, கார் வைத்திருப்பவர், வைத்திருந்தவர், வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பவர் எல்லாரும் எடுத்தார்கள்.

அந்தக் காரை எனக்கு விற்றவர் ஒரு டாக்டர். புதிதில் ஒரு சார்ஜுக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதாகவும், இப்போது எண்பதைத் தொடுவதே பெரிய பாடு என்றும் அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காகவே வாங்கினேன். எனக்கு முட்டி தேய்ந்துபோய் ஸ்கூட்டரில் காலை ஊன்ற முடியவில்லை. வேலைக்குப் போய் வர, வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் போய் வர எண்பது தாராளம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது ஏன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்குப் பத்து வயது இளையவளாக ஒரு தங்கை. அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் கொடைரோடு தாண்டி, நிலக்கோட்டைப் பக்கம் உள்ளே போக வேண்டும். என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். இந்த நாற்பத்தெட்டு என்னைப் படுத்திய பாட்டையும், நான் அதைப் படுத்திய பாட்டையும்தான் எழுத வந்தேன்.

கார் வாங்கிய பிறகு வந்த முதல் பொங்கலுக்கு, தங்கைக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போனேன். ஏ.சி. போட்டுக்கொண்டு, நாலுவழிச் சாலையில் எண்பத்தைந்தில், மகாராணி மாதிரி போனேன். போய் இறங்கிப் பார்த்தால் பேட்டரியில் முப்பத்துமூன்று சதவீதம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாடிப்பட்டி வரைகூடத் திரும்ப முடியாது. சார்ஜ் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு தங்கையின் மாமனாரிடம் போய், வாசல் பிளக்கில் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் நாலைந்து சொந்தக்காரர்களோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஆளு வந்தா சோறு போடலாம். வண்டிக்குமா போடுறது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "தப்பா நெனைக்காத தாயி. அம்புட்டுக் கரண்டையும் அது உறிஞ்சிருச்சுன்னா மோட்டாரு ஓடாது. மீட்டரு வெடிச்சாலும் வெடிச்சுரும்."

என்னிடம் வந்து மீட்டர் வெடிக்கும் என்கிறார். "வெடிக்காது மாமா, ஏழெட்டு யூனிட்டுத்தான்" என்றேன். "நீ படிச்ச புள்ள, சொல்லுவ. எங்க வீட்டுல வேணாம்" என்று முடித்துவிட்டார்.

மெயின் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் பிளக் கொடுத்தார். மூன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்க இறங்கிய லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து, வயரைப் பார்த்து, என்னைப் பார்த்து, 'நின்னுருச்சாக்கா' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தங்கை மூன்று தடவை போன் பண்ணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இனிமேல் அந்த வீட்டுப் பிளக்கை என் கையால் தொடுவதில்லை என்று அந்தப் பெஞ்சில் வைத்தே முடிவு செய்தேன்.

மாசியில் தங்கை போன் பண்ணினாள். அவள் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். 

எங்கள் பக்கம் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் சீரோடு வந்து ஊர் எல்லையில் நிற்பார், மேளம் வைத்து அழைத்துப் போவார்கள். எங்களுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு என்று அம்மா காதுபடவே ஊர் சொல்லியிருக்கிறது. அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவார்.

"நம்ம பெரியப்பா மகன உக்கார வைப்போம்னு எங்க மாமனாரு சொல்றாக அக்கா" என்றாள் தங்கை.

அந்தப் பெரியப்பா மகன் எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வரவில்லை. வேலை இருந்ததாம். இப்போது மடி கொடுக்க மட்டும் வேலை இல்லாமல் இருக்கிறான். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"அவன் எதுக்கு? நான் உக்கார்றேன்" என்றேன்.

"நீயா?"

"ஒன்னைய வளத்தது யாரு? படிக்க வச்சது யாரு? கட்டிக் குடுத்தது யாரு? அம்புட்டையும் செஞ்ச மடி, காதுகுத்துக்கு மட்டும் ஆகாதா?"

கொஞ்ச நேரத்தில் மாமனாரே போனை வாங்கினார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கத்தவில்லை. பொம்பளை தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி தாயி. மாமன் மொறை செய்யிறதுன்னா மாமன் மாதிரி செய்யணும். காலைல எட்டரைக்கு மாமன் வீட்டுச் சீரு எல்லைப் பிள்ளையார்கிட்ட நிக்கணும். எட்டரை தாண்டிருச்சுன்னா அந்தப் பையன் உக்காருவான். பெறகு நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒன் கரண்டு வண்டிய நம்பாம, முந்துன நாளே பஸ்ஸுல வந்துரு."

"என் வண்டியிலதான் வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாளே பெரியப்பா மகன் போன் பண்ணினான். அவனிடம் உயரமான டீசல் கார் ஒன்று இருக்கிறது. "எதுக்குக்கா வம்பு? நான் உக்காந்துக்கிறேன். சீரெல்லாம் என் வண்டி மேல கட்டிருவோம், ஊரே பாக்கும்" என்றான். "நீ சாப்பிட வா தம்பி, மடி என்னோடது" என்றேன்.

பேசியது பேசியாயிற்று. ராத்திரிக்கு முந்தியே கணக்கு நோட்டை எடுத்துவிட்டேன். போக நாற்பத்தெட்டு, வர நாற்பத்தெட்டு, ஆக தொண்ணூற்றாறு. வண்டி ஓடுவது எழுபத்தெட்டு. நடுவில் ஒரு இடத்திலும் யாரிடமும் வயரை நீட்டக் கூடாது என்றால் இருபது கிலோமீட்டர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். புது பேட்டரி போடுகிற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற கரண்ட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டியதுதான். பில் அதிகமாக வந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிற வீடுகளில் இத்தனை வருடம் நான் செய்கிற வேலையே அதுதான்.

வண்டி பிளக்குக்கென்று தனியாக ஒரு சின்ன மீட்டர் மாட்டினேன். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதினேன். ஆரம்பத்தில் ஐந்தேகால் வந்தது. பதினைந்து யூனிட் பேட்டரிக்கு எழுபத்தெட்டு. டாக்டர் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, பரவை தாண்டி சமயநல்லூர் வரை போய்த் திரும்புவேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவேன், இல்லாவிட்டால் எதனால் கூடியது என்று தெரியாது. முதலில் கூரைமேல் இருந்த கேரியரைக் கழற்றினேன். டாக்டர் பிள்ளைகளின் சைக்கிளைக் கட்ட வைத்திருந்தது. வெறும் கம்பிதானே என்று நினைத்தேன். அந்த வெறும் கம்பி காற்றை மறித்து மறித்து ஐந்து கிலோமீட்டரைத் தின்றிருக்கிறது. டிக்கியைத் திறந்தால் பழைய மீட்டர் டப்பாக்கள், ஒரு மூட்டை நோட்டு, எப்போதோ வாங்கிய உரல். உரலை எதற்குச் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் பெரிய தின்னி என் கால்தான். எண்பதில் போவதற்கும் ஐம்பத்தைந்தில் போவதற்கும் அத்தனை வித்தியாசம். நாலுவழிச் சாலையில் இடது ஓரமாக ஐம்பத்தைந்தில் போனால் பின்னால் வருகிறவனுக்கெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து, தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்து, 'அதானே, பொம்பள' என்கிற முகத்தோடு போவார்கள். போகட்டும். அவர்கள் நோட்டில் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பிறகு பிரேக் மிதிப்பதை விட்டேன். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால், வண்டி தன் வேகத்தைத் தானே கரண்ட்டாக மாற்றிப் பேட்டரிக்குள் திருப்பி வைத்துக்கொள்ளும். அவசரமாகப் பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் வெறும் சூடாக வீணாகிவிடும். ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் இதைப் பழகுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏ.சி. இருக்கிறதே, அதை வண்டி பிளக்கில் இருக்கும்போதே கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே குளிரவைத்துவிட்டுக் கிளம்பப் பழகினேன். வழியில் போடுவதில்லை. பங்குனி கடைசிக்குள் ஒரு யூனிட்டுக்கு ஆறரை வந்துவிட்டது. தொண்ணூற்றேழு கிலோமீட்டர் ஆயிற்று என்று நோட்டில் இரண்டு கோடு போட்டேன். ஒரு கிலோமீட்டர் மிச்சம் போதாது, ஆனாலும் கண்ணுக்கு எட்டிவிட்டது.

சித்திரை பிறந்தது. கணக்கு இறங்க ஆரம்பித்தது.

ஆறரை ஆறே காலானது, பிறகு ஆறு. நான் எதையும் மாற்றவில்லை. அதே ரோடு, அதே வேகம், அதே கால். வெயிலுக்குப் பேட்டரி களைத்துவிட்டதோ என்று பயந்தேன். அப்படியென்றால் என்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிறு நோட்டை வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். காதுகுத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. தங்கையிடம் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு திரும்பி வரும்போது பரவை பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில், தானே அளந்து காட்டுகிற காற்று மிஷின் ஒன்றைப் பார்த்தேன். எலெக்ட்ரிக் வண்டி பங்குக்குள் நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காற்றை அளக்க மட்டும் சொன்னேன். நாலு டயரிலும் இருபத்துநாலு பாயிண்ட். முப்பத்தைந்து இருக்க வேண்டிய வண்டி.

நான் காற்றுக்குப் போவது ஒரே இடத்துக்குத்தான். ஆரப்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிற பஞ்சர் கடை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் நிறுத்துவேன், அந்த அண்ணன் சுற்றி வந்து நாலையும் பார்ப்பார், 'சரியா இருக்குக்கா' என்பார். நானும் நம்பிப் போவேன். எல்லார் வீட்டு மீட்டரையும் குனிந்து பார்க்கிற நான், அவர் காற்று அளக்கிற கருவியை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

நேரே அங்கே போய் வண்டியை நிறுத்தினேன்.

"அண்ணே, என் டயருல எத்தனை பாயிண்ட் வைக்கிறீக?"

அவர் மறைக்கவேயில்லை. "வெயில் காலம்லக்கா. பங்குனி பொறந்துட்டா எல்லா வண்டிக்கும் நாலஞ்சு கொறைச்சுத்தான் வைப்பேன். சூட்டுல காத்து விரியும், டயரு வெடிச்சுரும்."

"நாலஞ்சு இல்லையே. பதினொண்ணு கொறையுதே."

அவர் துணியில் கையைத் துடைத்தார். "சித்திரை வெயிலுக்கு ஒங்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்கி வச்சேன். தனியா ஓட்டுறீக. நடுரோட்டுல வெடிச்சா பொம்பளப்புள்ள என்னக்கா பண்ணும்?"

ஒருவர் நம்மை ஏமாற்றினால் சண்டை போடலாம். கரிசனத்தோடு வந்து நம் தலையில் கல்லைப் போட்டால் என்ன செய்வது? அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தில் அதையும் பார்க்கவில்லை.

"ஒங்க கரிசனம் என் வண்டியில ஏழெட்டு கிலோமீட்டரத் தின்னுருச்சுண்ணே" என்றேன். "கீழ குனிங்க. இந்த டயரத் தொடுங்க."

தொட்டார். பரவையிலிருந்து அந்தத் தொங்கிய டயரிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். கையை வெடுக்கென்று எடுத்தார். "இப்ப முப்பத்தஞ்சு வைங்க. மறுபடி பரவைக்குப் போய்ட்டு வாரேன். அதையும் தொட்டுப் பாருங்க" என்றேன். வைத்தார். அவருக்கு மனசே இல்லை, ஒவ்வொரு டயருக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே வைத்தார். முப்பது நிமிடத்தில் திரும்பி வந்து நிறுத்தினேன். தொட்டார். சுட்டது, ஆனால் கையை எடுக்கவில்லை. காற்று குறைந்தால் டயர் ரோட்டில் படர்ந்து நசுங்கி நசுங்கித்தான் கொதிக்கும், வெடிக்கிற டயர் பெரும்பாலும் அந்த மாதிரி டயர்தான் என்று சொன்னேன். கடைக்கு வந்து நின்ற அடுத்த காருக்கு எத்தனை வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு ஒரு யூனிட்டுக்கு ஏழேகால் வந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன், ஏழே கால்தான். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூற்றெட்டு கிலோமீட்டர். வண்டியைத் தட்டிக்கொடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் தட்டிக்கொடுத்தேன்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயந்திரம் பஞ்சர் கடை அண்ணன் நாலு டயரையும் பார்த்துவிட்டு, கருவியை என் கையில் கொடுத்தார். "முப்பத்தஞ்சு. நீங்களே பாத்துக்கங்க" என்றார். பார்த்தேன்.

காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். நூறு சதவீதம். பின் சீட்டை மடக்கி, பித்தளைத் தாம்பாளங்கள், பட்டுப் பாவாடை, தேங்காய், பழம், வெல்லம், பூ, சின்ன நகைப்பெட்டி எல்லாம் உள்ளே. வாழைத்தாரும் உள்ளேதான். கூரைமேல் ஒரு பூக்கூட வைக்கவில்லை. சீரை ஒளித்துக் கொண்டுபோவதா என்று கேட்பார்கள் என்று தெரியும். சீர் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். அப்பா காலத்தில் எங்கள் சனம் மேளம் வைத்துக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போய்விட முடியாது. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர், தங்கையின் மாமனாரும் அப்படித்தான் இருந்து நாலு ஏக்கர் வாங்கியவர். ஆகவே நாற்பத்தெட்டு கிலோமீட்டர் காற்றுக்குக் காட்ட வேண்டியதில்லை, காட்ட வேண்டிய தெருவில் தலையில் வைத்துக் காட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ஐம்பத்தைந்தில் போனாலும் எட்டு மணிக்குள் எல்லையில் நிற்கலாம். அரை மணி நேரம் கையிருப்பு. சமயநல்லூர் தாண்டியதும் ரோடு நின்றுபோயிருந்தது.

வைக்கோல் லாரி ஒன்று சாய்ந்து, இரண்டு தடத்திலும் வைக்கோல் கொட்டிக் கிடந்தது. எல்லா வண்டியும் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நின்றன. என் வண்டி சத்தமில்லாமல் நின்றது. எண்பத்தாறு சதவீதம் என்று காட்டிய திரை, நாற்பது நிமிடம் கழித்தும் எண்பத்தாறையே காட்டியது. கரண்ட் போகவில்லை, நேரம்தான் போனது. ஏ.சி. இல்லாமல் பட்டுச் சேலைக்குள் வியர்த்து ஊற்றியது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பெரியப்பா மகன். பின்னால் ஏழெட்டு வண்டி தள்ளி அவனுடைய டீசல் காரும் மாட்டியிருந்தது.

"அக்கா, மணி ஏழம்பது. சீர என் வண்டிக்கு மாத்துவோம். ரோடு விட்டதும் நான் வெரசா போயிருவேன். நீங்க மெதுவா வாங்க."

அவன் கெட்டவன் இல்லை. மெதுவா வாங்க என்று சொல்வது ஒரு உதவி என்று மனசார நினைக்கிறவன். எட்டரைக்குச் சீரும் அவனும் அங்கே நின்றால், மெதுவாகப் போகிற நான் எதற்கு?

"நீ போ தம்பி. நான் வாரேன்" என்று கண்ணாடியை ஏற்றினேன்.

ரோடு விடும்போது ஏழு ஐம்பத்திரண்டு. இன்னும் முப்பத்துமூன்று கிலோமீட்டர், முப்பத்தெட்டு நிமிடம். கடைசி ஆறு கிலோமீட்டர் ஊர்ப்பாதை, அதில் வேகம் போக முடியாது. ஐம்பத்தைந்தில் போனால் எட்டரை தாண்டிவிடும். எண்பதில் போனால் நேரத்துக்குப் போகலாம், ஆனால் மூன்று மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த கரண்ட் காலி. திரும்பி வர அந்த வீட்டுப் பிளக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கிழவர் முகத்தையும் அந்த டீக்கடைப் பெஞ்சையும் நினைத்தேன். பிறகு பிள்ளையை அவன் மடியில் நினைத்துப் பார்த்தேன். மிதித்தேன்.

வாடிப்பட்டி போனதே தெரியவில்லை. மதுரையிலிருந்து கொடைரோட்டுக்கு லேசான ஏற்றம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, பேட்டரிக்குத் தெரியும். எழுபது, அறுபத்துமூன்று, ஐம்பத்தைந்து என்று இறங்கிக்கொண்டே இருந்தது. பெரியப்பா மகன் நூறுக்கு மேல் போய் என்னைத் தாண்டினான். தாண்டும்போது கையைக் காட்டினான். நானும் காட்டினேன். ஊர்ப்பாதையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முருகா என்று காலை எடுத்தேன்.

எல்லைப் பிள்ளையார் கோயில் முன் வண்டியை நிறுத்தியபோது எட்டு இருபத்தேழு. பேட்டரி நாற்பத்தாறு. மேளக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தங்கை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்தாயிற்று, பிள்ளையைக் கொடு என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். "இன்னும் எட்டரை ஆகல. எங்கக்கா வரும்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கே நடந்து வந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்து யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். என்னைப் பார்த்ததும், "அழுதியாக்கா?" என்றாள். "வேர்வைடி" என்றேன். அப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது.

தெருப் பெண்கள் தாம்பாளங்களைத் தலையில் ஏற்றினார்கள். முதல் தாம்பாளம் நான். தேய்ந்த முட்டியோடு, பெரிய தெரு முழுக்க, மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். ஒரு வீட்டு ஆட்களாவது வாசலுக்கு வராமல் இல்லை.

பந்தலில் மணைப் பலகையில் பெரியப்பா மகன் மாலையோடு உட்கார்ந்திருந்தான். நான் போய் எதிரில் நின்றேன்.

"எந்திரி தம்பி."

அவன் தங்கையின் மாமனாரைப் பார்த்தான். பந்தலே அவரைப் பார்த்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் இறங்கிக்கொண்டிருந்த தாம்பாளங்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சொன்ன நேரத்துக்குச் சீரு எல்லைக்கு வந்துருச்சு. எந்திரிப்பா" என்றார். மாலையை அவரே கழற்றி என் கையில் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். பிள்ளை என் மடிக்கு வந்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் ஊர் கேட்க அலறி, என் பட்டுச் சேலையை நனைத்துவிட்டாள். இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது காதும் முடிந்தது. மாமனுக்குச் செய்ய வேட்டியும் துண்டும் வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு எப்படிக் கொடுப்பது என்று ஆளாளுக்கு முழித்தார்கள். தட்டிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். துண்டைச் சேலைமேல் தோளில் போட்டுக்கொண்டு பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பந்திக்கு முன்பே எல்லையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வண்டியில் போய்ப் பார்த்தேன். நாற்பத்தாறு. திரும்பும் வழி இறக்கம். ஏ.சி. இல்லாமல், நாற்பத்தைந்து ஐம்பதில், இடது ஓரமாக ஊர்ந்து போனால் மூன்றோ நாலோ சதவீத மிச்சத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். யாரையும் கேட்க வேண்டாம். பொங்கலன்று பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த முடிவு அப்படியே நிற்கும். கதவைத் திறக்கப் போன கை நின்றது. நான் எதற்கு ஊர்ந்து போக வேண்டும்?

டிக்கியைத் திறந்து வயரை எடுத்தேன். தங்கையின் மாமனார் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில், அதே சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, ஆளுக்குச் சோறு போட்டாச்சு. வண்டிக்கும் போடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"இது மாமன் வீட்டு வண்டி" என்றேன். "இந்த வாசல்லருந்து பட்டினியாப் போகக் கூடாது."

அவர் என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். அவரே வாங்கி வந்த துண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, வயரை வாங்கிக்கொண்டு போய், மோட்டார் ரூம் பிளக்கில் தன் கையாலேயே சொருகினார். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"மீட்டரு வெடிக்காதுல்ல தாயி?"

"வெடிக்காது மாமா. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அந்த மீட்டருக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில் தூங்கினாள், இரண்டு காதிலும் மஞ்சள் அப்பியிருந்தது. நாலு மணி வரை அசையவில்லை. அவர் இரண்டு தடவை வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். எட்டு யூனிட் ஏறியிருந்தது.

நூறு சதவீதத்தோடு கிளம்பினேன். ஏ.சி.யை முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு, எண்பதில் வீடு வந்து சேர்ந்தேன்.